கல்யாண மாலையை ரெசினில் பதித்துத் தரக் கொடுக்கப் போகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்

எங்கள் வீட்டில் கல்யாண மாலையை எடுத்து வைக்கிற வழக்கம் கிடையாது. மறுவீடு முடிந்ததும் பழையாற்றில் கொண்டு விட்டுவிடுவோம். போன ஆவணியில் தங்கை கல்யாணம் முடிந்தபோதும் அம்மா அதற்குத்தான் மஞ்சள் பையோடு கிளம்பி நின்றாள். "ஆத்துல விடாண்டாம்மா, ஃபிரேம் போட்டு வச்சுக்கலாம்" என்று தடுத்தவள் நான்தான். அதனால் இந்தப் பதிவில் திட்டு வாங்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

அது சாதாரண மாலையும் இல்லை. தோவாளை மாணிக்க மாலை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோவாளை எங்கள் கன்னியாகுமரி ஜில்லாவில் பூ விற்கிற ஊர். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுவில் நொச்சி இலை. ஒவ்வொன்றையும் மடித்து மடித்து, பாய் முடைந்தது போலத் தட்டையாகக் கட்டுவார்கள். தள்ளி நின்று பார்த்தால் கல் பதித்த மாதிரி இருக்கும். திருவிதாங்கூர் மகாராஜா பார்த்து அசந்துபோய் வைத்த பெயர் இது என்று ஊரில் சொல்வார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கும் தோவாளையிலிருந்து மாலை போவதுண்டு. 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஓணத்தை ஒட்டிய முகூர்த்தம் என்பதால் பூ விலை எக்கச்சக்கம். மாலை கட்டித் தந்த அண்ணாச்சியிடம் பேரம் பேசக்கூட வாய் வரவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து மடித்தவரிடம் என்னவென்று பேசுவது?

மாப்பிள்ளை வீடு பாறசாலை. களியக்காவிளை தாண்டினால் வந்துவிடும், ஆனால் அது கேரளம். ரெசின் வேலை, அதாவது கண்ணாடி போல இறுகுகிற பிசினை ஊற்றிப் பொருளை அதற்குள் பதிக்கிற வேலை, செய்பவரை இன்ஸ்டாகிராமில் கண்டுபிடித்ததும் அந்தப் பக்கத்தில்தான். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பிரயோஜனம் இல்லை, இதற்குள் இரண்டு முறை பக்கத்தின் பெயரை மாற்றியாகிவிட்டது. பாதி மலையாளம், பாதி தமிழ், வாய் நிறைய 'சேச்சி, சேச்சி'. பக்கத்தில் போட்டிருந்த படங்கள் எல்லாம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. குழந்தையின் முதல் முடி, தாலிக் கயிறு, வளைகாப்பு வளையல் என்று எதைக் கேட்டாலும் பதித்துத் தருவாராம்.

இரண்டு ஃபிரேம், 8,500 ரூபாய். ஒன்று தங்கை வீட்டுக்கு, ஒன்று எங்கள் வீட்டுக்கு. 5,000 அட்வான்ஸ் ஜிபேயில் போட்டேன், மீதி அனுப்பும் முன்பு என்று பேச்சு. நாற்பத்தைந்து நாளில் கைக்கு வரும் என்றார். மாலையோடு பத்திரிகையிலிருந்து பெயர் அச்சிட்ட துண்டு, கொஞ்சம் அட்சதை, நிச்சயப் புடவையின் முந்தானை நூல் எல்லாம் கேட்டார். கொடுத்தோம்.

"மாலையைக் காத்துப் போகாம ஜிப் கவரில் போட்டு அனுப்புங்க சேச்சி" என்றார். இப்போது யோசித்தால் அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஈரப் பூவைப் பிளாஸ்டிக்கில் அடைத்து இரண்டு நாள் கூரியரில் விட்டால் அது வியர்த்து, அழுகி, பூசணம் பிடிக்கும். பூ விற்கிற ஊருக்குப் பக்கத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் வேலை தெரிந்தவர் சொல்கிறார், அவருக்கு ஏதோ கணக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன். அம்மா மட்டும், "வாழை இலையில சுத்தி அனுப்பினா ஆகாதோ?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம்.

அப்புறம் தொடங்கியது காத்திருப்பு. முதலில் காய்ச்சல், அடுத்து ரெசின் ஊற்றுகிற அச்சு, அதான் மோல்டு, வரவில்லை, அதற்கடுத்து மழை. இந்த மழைக் கதையை நான் முழுசாக நம்பினேன், ஏனென்றால் அதில் உண்மை உண்டு. காற்றில் ஈரம் அதிகமானால் ரெசின் மேலே பால் படிந்தது போல மங்கிவிடும். எங்கள் ஜில்லாவுக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசியில் துணியே காயாது, ரெசின் எங்கே காயப்போகிறது என்று நானே அம்மாவைச் சமாதானப்படுத்தினேன். பொய் சொல்கிறவர்கள் முழுப் பொய் சொல்லமாட்டார்கள் போல.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் பார்சல் வந்தது. மீதிப் பணம் 3,500-ஐ அதற்கு முந்தின நாளே வாங்கிக்கொண்டார். பிரித்தோம். நடுவில் இருவர் பெயரும், ஓரத்தில் முந்தானை நூலும், மேலே அட்சதையும், சுற்றிலும் பூவுமாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்றைக்குத் தற்செயலாக வீட்டுக்கு வந்திருந்த தங்கை மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் பங்கு ஃபிரேமை அப்படியே காரில் வைத்துக்கொண்டு போய், அன்று ராத்திரியே பாறசாலை வீட்டு ஹாலில் மாட்டிவிட்டார்.

சாயங்காலம் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் ஃபிரேமை மடியில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "மக்ளே, இதுல நொச்சி எங்க?"

நொச்சி இல்லை. ஒரு இலை கூட இல்லை. அரளியும் இல்லை. சிவப்பாக இருந்தது ரோஜா இதழ். மஞ்சளாக இருந்தது செவ்வந்தி. எங்கள் மாலையில் மஞ்சள் என்கிற நிறமே கிடையாது. கல்யாண போட்டோவை எடுத்து வைத்துப் பார்த்தோம், சந்தேகத்துக்கே இடமில்லை. பெயர் எங்களுடையது, நூல் எங்களுடையது, பூ மட்டும் யாருடையதோ. எந்தக் கடையில் கிலோ கணக்கில் வாங்கியதோ. பெயரும் நூலும் சரியாக இருந்ததால்தான் எங்கள் கண்ணும் ஏமாந்தது. மாலை வெறும் ரோஜா மாலையாக இருந்திருந்தால் சாகும்வரை எங்களுக்குத் தெரிந்திருக்காது. இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ரோஜா மாலை கொடுத்த எத்தனை பேர் வீட்டில் வேறு யாருடைய பூவோ தொங்கிக்கொண்டிருக்கிறதோ.

போன் செய்தேன். முதலில், "காய்ந்தால் அப்படித்தான் தெரியும் சேச்சி" என்றார். அரளி காய்ந்தால் செவ்வந்தி ஆகுமா என்று கேட்டதும் சுருதி மாறியது. "உங்க பூ வரும்போதே கறுத்துப் போச்சு. நல்லா இருக்கட்டும்னுதான் புதுசு வச்சேன். எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க."

"அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க."

எங்கள் மாலை எங்கே என்று கேட்டேன். அப்போதே குப்பையில் போட்டாயிற்றாம். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் பிளாக்.

பூவோடு போகவில்லை கதை. ஃபிரேமைத் திருப்பிப் பின்பக்கத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுகிறது. இரண்டே மாதத்தில் ஜன்னல் பக்கமாக இருந்த பாதி, தேன் மாதிரி மஞ்சளடித்துவிட்டது. அட்சதையைச் சுற்றி முட்டை முட்டையாகக் குமிழ்.

மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்தே இந்த வேலை செய்கிற ஒரு அக்காவைத் தெரிந்தவர் மூலம் பிடித்து, ஃபிரேமைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிய உடனே, "ஹார்ட்னர் அளவு தப்பு" என்றார். ஒவ்வொரு ரெசினுக்கும் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் இத்தனைக்கு இத்தனை என்று டப்பாவிலேயே போட்டிருக்குமாம். அதைத் தராசில் நிறுத்தோ அளந்தோதான் கலக்க வேண்டும், கண்ணளவில் ஊற்றினால் காலம் முழுக்கப் பிசுபிசுப்பு போகாது. கெட்டியாக ஒரே தடவையில் ஊற்றினாலும் உள்ளே சூடேறிக் குமிழும் விரிசலும் வரும், அதனால் அடுக்கடுக்காகத்தான் ஊற்ற வேண்டும். மஞ்சளாவதைப் பற்றி அவர் ஒளிக்காமல் சொன்னார்: வெயில் பட்டால் எந்த ரெசினும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகும், நல்ல சரக்கு என்றால் மெதுவாக ஆகும், இரண்டு மாதத்தில் ஆனால் மட்டமான சரக்கு.

பூ விஷயத்திலும் அவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது. மாலையைப் பிளாஸ்டிக்கில் அடைக்கவே கூடாது. பேப்பரில் சுற்றி, முடிந்தால் ஃபிரிட்ஜில் வைத்து, அடுத்த நாளே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் பூவை ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லில் புதைத்து ஒரு வாரத்துக்கு மேல் காயவைத்த பிறகுதான் ரெசின் டப்பாவையே திறப்பாராம். துளி ஈரம் உள்ளே இருந்தாலும் பூ பழுப்பாகிவிடும். அப்படிக் காய்ந்தாலும் சிவப்பு கருஞ்சிவப்பாகும், வெள்ளை சந்தன நிறத்துக்கு வரும், மல்லிகை எப்படியும் பழுப்புதான். "முதல்லயே இதைச் சொல்லிடுவேன். பாதிப் பேரு வேண்டாம்னு போயிருவாங்க. போகட்டும்" என்றார். அவர் வீட்டு அலமாரியில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஃபிரேம் ஒன்று இருந்தது. மங்கலாக, லேசான மஞ்சளோடு, ஆனால் அச்சாக அதே மாலை. இன்ஸ்டாகிராமில் நான் பார்த்து மயங்கிய ரத்தச் சிவப்பு இருக்கிறதே, காய்ந்த பூவுக்கு அந்த நிறம் எங்கிருந்து வரும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

யாராவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், புது வேலையின் படத்தைப் பார்க்காதீர்கள், ஒரு வருஷம் பழசான வேலையைக் காட்டச் சொல்லுங்கள். பூ காய்ந்த பிறகு, ரெசின் ஊற்றும் முன்பு, உங்கள் பெயர்த் துண்டோடு சேர்த்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு அடுத்த தவணையைப் போடுங்கள். பூ கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, மாலை முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் ஒரு முழத்தை நறுக்கி வைத்திருந்தால் இந்தக் கதையே வேறு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, எதிர்த்தரப்பின் முகவரி. கூரியர் ரசீதில் இருந்த முகவரிக்குத் தங்கை மாப்பிள்ளை போய்ப் பார்த்தார். அது ஒரு ஸ்டேஷனரி கடை. "பார்சல் வந்தா வாங்கி வைப்போம், அவ்வளவுதான்" என்றார்களாம். ஜிபே ரசீது, போன் நம்பர், உரையாடல், கல்யாண போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கேரளத்துக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரையிலான விஷயத்துக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். நாகர்கோவிலில் போடத்தான் போகிறேன். 8,500 ரூபாய்க்காக இவ்வளவா என்று அப்பா கேட்கிறார். குப்பையில் போட்டதை யார் கணக்குப் போடுவது?

எங்கள் வீட்டு ஃபிரேம் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. பாறசாலை வீட்டு ஃபிரேம் இன்னும் ஹாலில்தான். வருகிற விருந்தாளிகளையெல்லாம் தங்கையின் மாமியார் கையைப் பிடித்து அழைத்துப்போய், "தோவாளை மாலையாக்கும்" என்று காட்டுகிறாராம். தங்கையும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள். மாமியாருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.