புயல் நிவாரணம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் கைரேகை வைக்காதீர்கள்: லாட்ஜ், ஹோட்டல் தொழிலாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று சாயந்திரம் தங்கச்சிமடத்தில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். பழக்கமான பரோட்டா மாஸ்டர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். அதே நீல முத்திரை. அதே கோணல் கையெழுத்து. தொகை மட்டும் 350இலிருந்து 500 ஆகியிருந்தது.

"அண்ணே, புயல் வர்றதுக்கு முன்னாடியே பதிஞ்சு வச்சுக்கிட்டா, வந்த உடனே பணம் அக்கவுண்ட்ல ஏறிருமாம். நம்ம ஓட்டல்ல ஏழு பேரு கட்டியிருக்கோம்" என்றார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. போன வருஷம் இதே ரசீதுக்கு 23 பேரைக் கூட்டி வந்து வரிசையில் உட்கார வைத்தவன் நான். அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாக இதை எழுதுகிறேன். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை என்று இந்தக் கரையில் லாட்ஜிலும் மெஸ்ஸிலும் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

அக்னி தீர்த்தம் பக்கம் ஒரு லாட்ஜில் 16 வருஷமாக ரிசப்ஷனில் இருக்கிறேன். 2024 நவம்பர் 20ஆம் தேதி பெய்த மழையை இந்தத் தீவில் யாரும் மறக்க முடியாது. மேகவெடிப்பு என்று சொன்னார்கள். ராமேஸ்வரத்தில் மட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். ரூம் பாய்கள் மெத்தைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்கள். ஜெனரேட்டர் நின்றுபோனது. அடுத்த பத்து நாளில் ஃபெஞ்சல் புயல். அது கரையேறியது என்னவோ புதுச்சேரி பக்கம்தான், ஆனால் டிவியில் புயல் என்ற வார்த்தை வந்த உடனேயே ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் பயணத்தை ரத்து செய்துவிடுவார்கள். அப்போது பாம்பன் பாலத்தில் ரயிலும் கிடையாது, எல்லாம் மண்டபத்தோடு நின்றது. கார்த்திகை மாசம் என்றால் எங்களுக்கு ஐயப்ப சாமிமார் கூட்டம். வருஷத்திலேயே பேட்டாவும் டிப்ஸும் கையில் நிற்கிற மாசம். அந்த மாசமே கழுவிக்கொண்டு போனது. அறை காலியாக இருந்தால் முதலாளிக்கு நஷ்டம்தான், ஆனால் தினக்கூலிக்கு நிற்கிற கிளீனர் வீட்டில் அன்றைக்கே உலை வைக்க முடியாது.

அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை, கையில் ரசீது புத்தகம், பையில் ஒரு சின்ன மெஷின். ஏதோ அறக்கட்டளை என்று பெயர் சொன்னார். எங்கள் தொழில் தெரிந்தவர் மாதிரி பேசியதுதான் என்னை விழவைத்தது. "ரூம் பாய் எத்தனை பேரு? நைட் ஷிப்டுக்குத் தனிப் பேட்டா உண்டா? ஒரிசாப் பையங்க எத்தனை பேரு?" என்று வரிசையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, கடலுக்குப் போறவங்களுக்குத் தடைக்காலத்துக்கு 8,000 ரூபா குடுக்குறாங்க. உங்களுக்கு யாரு குடுக்குறா? கேக்க நாதி இருக்கா?"

அது உண்மை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் வருகிறது, வர வேண்டியதுதான், அதில் எனக்குப் பொறாமை இல்லை. அவர்களிடம் அட்டை இருக்கிறது, சங்கம் இருக்கிறது. 15 வருஷமாக அதே மெஸ்ஸில் சாம்பார் வாளி தூக்குகிற சப்ளையரிடம், நான் இங்கே வேலை பார்க்கிறேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. எனக்குள் ரொம்ப நாளாக இருந்த ஆதங்கத்தை அந்த ஆள் எடுத்து எனக்கே பேசிக் காட்டினார். நான் நம்பிவிட்டேன்.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி குடும்ப அட்டைகளுக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்த செய்தியை போனில் காட்டினார். "இதே மாதிரி ஓட்டல் தொழிலாளிக்குத் தனியா 10,000 வருது. லிஸ்ட் நாளைக்கு மெட்ராஸ் போகுது" என்றார். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு கமுதியிலும் முதுகுளத்தூரிலும் இருக்கிறது. அதற்கும் பதில் வைத்திருந்தார்: "கார்டு எந்த ஊர்ல இருந்தா என்ன, கைரேகை போதும்."

மறுநாள் மத்தியானம் எங்கள் சாப்பாட்டு ஹாலில் மேஜை போட்டுக் கொடுத்தேன். ஆளுக்கு 350 ரூபாய், ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், கட்டை விரல்.

பாத்திரம் கழுவுகிற அத்தை கடைசியாக வந்தார். எல்லோருக்கும் அவர் அத்தைதான். சோடா மாவிலும் வெந்நீரிலும் இருபது வருஷம் ஊறிய கை. ரேகை தேய்ந்து விரல் நுனி வெண்மையாக, வழவழப்பாக இருக்கும். மெஷினில் விரல் விழவில்லை. அந்த ஆள் சலிக்காமல் தன் கைக்குட்டையால் அத்தையின் விரலைத் துடைத்தார். மறுபடி வைத்தார். சிவப்பு விளக்கு. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டுத் தேய்க்கச் சொன்னார். வலது கை முடிந்து இடது கை. நான்காவது தடவை பச்சை விளக்கு எரிந்தபோது அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதான் விழுந்துருச்சுல்ல, இன்னும் ஒரு தடவை வைங்கம்மா, போட்டோவோட சேர்க்கணும்" என்றார் அந்த ஆள். அத்தை வைத்தார்.

ஒன்பது நாள் கழித்து, குடிசைக்குத் தார்ப்பாய் வாங்க பேங்குக்குப் போன அத்தை, வெறும் பாஸ்புக்கோடு திரும்பி வந்தார். ரேகை வைத்த அன்றைக்கே 5,000 ஒரு தடவை, 4,500 ஒரு தடவை எடுக்கப்பட்டிருந்தது. பேங்கில் கொடுத்திருந்த போன் நம்பர் பழையது, அதனால் மெசேஜும் வரவில்லை.

ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால், ஆதாரோடு இணைத்த கணக்கிலிருந்து ஏ.டி.எம். கார்டு, ஓ.டி.பி. எதுவுமே இல்லாமல் பணம் எடுக்கலாம். கிராமத்தில் பேங்க் இல்லாத இடத்தில் வயசானவர்கள் பென்ஷன் வாங்குவதற்காக வந்த நல்ல வசதி அது. "பதிவு" என்று சொல்லி அதைத்தான் எங்கள் மேஜையில் வைத்து நடத்தியிருக்கிறார். 23 பேரில் நான்கு பேர் கணக்கில் கை வைத்திருந்தார். மற்றவர்கள் கணக்கில் எடுக்க ஒன்றும் இல்லை.

ஓடினோம். போலீசில் புகாரை வாங்கிக்கொண்டு அதற்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டார்கள். பேங்கில் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வர்றீங்க?" ரிசர்வ் பேங்க் விதிப்படி, இப்படி மூன்றாம் ஆள் மோசடி செய்தால், வாடிக்கையாளர் மூன்று வேலை நாளுக்குள் பேங்கில் சொல்லிவிட்டால் நஷ்டம் அவர் தலையில் விழக்கூடாது. ஏழு வேலை நாளைத் தாண்டிவிட்டால் அந்தந்த பேங்க் என்ன கொள்கை வைத்திருக்கிறதோ அதுதான். அத்தைக்கு அந்தப் பணம் இன்று வரை வரவில்லை. மாசம் ஆயிரமாக நான் கொடுத்து வருகிறேன். அவர் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்.

யாராவது இப்போது ரேகை வைத்திருந்தால், இன்றைக்கே பேங்குக்குப் போங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் பண்ணுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். பணம் போகாவிட்டாலும் அரசின் ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகைப் பதிவை, பூட்டிவிடுங்கள். காசு கிடையாது, தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். யார் எப்போது உங்கள் ஆதாரைப் பயன்படுத்தினார்கள் என்ற வரலாற்றையும் ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். பேங்கில் உங்கள் போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அத்தை விஷயத்தில் அந்த ஒரு நம்பர் சரியாக இருந்திருந்தால் அன்று ராத்திரியே தெரிந்திருக்கும்.

சரி, அப்படியானால் நமக்கு உதவியே இல்லையா? இருக்கிறது. இந்த ஒரு வருஷம் தாலுகா ஆபீசுக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் நடந்ததில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அரசு புயல் நிவாரணப் பணம் எதற்கும் பதிவுக் கட்டணம் கிடையாது. 2023இல் மிக்ஜாம் புயலுக்குச் சென்னைப் பக்கம் கொடுத்த 6,000 ரேஷன் கடையில் டோக்கன் வைத்துக் கொடுக்கப்பட்டது. நடுவில் எந்த அறக்கட்டளையும் இல்லை. 2022-26 காலத்துக்குப் போட்ட விதிப்படி, குடிசை சேதமானால் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 8,000 ரூபாய். வீடே போய்விட்டால் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. இதற்குக் கணக்கெடுப்பவர் வி.ஏ.ஓ. அதனால் தண்ணீர் வடிந்த உடனே கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள். முதலில் நாலு போட்டோ எடுங்கள், வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுங்கள். நம்மில் நிறையப் பேர் வாடகைக் குடிசையில் இருக்கிறோம், ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்கும். கணக்கெடுப்பில் விட்டுப்போவது அதனால்தான். பெயர் விட்டுப்போனால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். முதல்வர் உதவி மையத்தின் 1100க்கு போன் பண்ணியும் புகாரைப் பதியலாம். தண்ணீர் சூழ்ந்து நிற்கிற நேரத்தில் கூப்பிட வேண்டிய மாவட்ட எண் 1077.

வேலை சார்ந்த பாதுகாப்பு இன்னொரு பக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில், சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்க வேண்டும். 12,000 சம்பளக்காரருக்கு மாசம் 90 ரூபாய்தான் பிடித்தம். போன வருஷம் அந்தச் சாக்கடைத் தண்ணீரில் நின்ற எங்கள் ரூம் பாய் ஒருவன் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தான். பத்து நாளும் சம்பளம் இல்லை. இ.எஸ்.ஐ. இருந்து, பங்குத்தொகை ஒழுங்காகக் கட்டியிருந்தால், முதல் இரண்டு நாள் போக மற்ற காய்ச்சல் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வந்திருக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் பி.எஃப். பி.எஃப். இருந்தால் இயற்கைச் சீற்றம் மாதிரி நெருக்கடியில் முன்பணம் எடுக்கவும் வழி உண்டு. உங்கள் பணம், திருப்பிக் கட்ட வேண்டாம்.

சின்ன மெஸ், டீக்கடை என்றால் தொழிலாளர் துறையின் நல வாரியங்கள். சமையல் தொழிலாளர்களுக்கு ஒரு வாரியம், கடைகள், நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் தெரு வியாபாரிகளுக்கும் ஒரு வாரியம் இருக்கிறது. பதிவு இலவசம். உண்மையைச் சொல்கிறேன், மழை பெய்தவுடன் வாரியத்திலிருந்து பணம் கொட்டாது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து, அறுபதுக்கு மேல் ஓய்வூதியம், இதற்குத்தான் அது. ஆனால் நீங்கள் ஓட்டல் தொழிலாளி என்று அரசாங்கப் பதிவில் ஒரு வரி ஏறுகிறது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் அப்படித்தான், 16 வயசிலிருந்து 59 வரை, புதுப் பதிவுக்குக் காசு இல்லை. ஒடிசா, வங்காளப் பையன்களும் இங்கிருந்தே செய்யலாம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, தயவுசெய்து யாராவது கூடப் போங்கள்.

லாட்ஜ், ஓட்டல் முதலாளிமார்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லோரும் பார்க்கிற தனுஷ்கோடியின் இடிந்த சர்ச், 1964 டிசம்பரில் கடல் விட்டுவைத்த மிச்சம். அதைப் பார்க்க வருகிற கூட்டமும் சாமி கும்பிட வருகிற கூட்டமும்தான் நம் இரண்டு பேருக்கும் சோறு. அடுத்த புயல் வரும் என்று உங்களுக்கும் தெரியும். உங்கள் லெட்டர்பேடில், இவர் இத்தனை வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறார் என்று நாலு வரி எழுதி முத்திரை போட்டுக் கொடுங்கள். எங்கள் முதலாளி நான் கேட்ட பிறகு எல்லோருக்கும் கொடுத்தார். அரை மணி நேர வேலை. அத்தை அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அந்தச் சீட்டு போன வருஷமே கையில் இருந்திருந்தால், எவனோ ஒருவனின் மெஷினில் அவர் ஐந்து தடவை விரல் வைத்திருக்க மாட்டார் என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஆள் மறுபடியும் தீவுக்குள் சுற்றுகிறார் என்பது நேற்றைய ரசீதிலிருந்து தெரிகிறது. பார்த்தால் அடிக்கப் போகாதீர்கள். மேஜை போட்டுக் கொடுக்காதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். வரும் திங்கட்கிழமை நாங்கள் பதினோரு பேர் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகிறோம். பழைய 350 ரசீதோ புது 500 ரசீதோ வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. காலை ஏழு மணிக்கு ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். அத்தையும் வருகிறார்.