‘கங்கா தீன்’ முழுப்பதிப்பு என்று விற்கிறார்கள், பணம் கட்டிவிடாதீர்கள்

1939-இல் வெளிவந்த ‘கங்கா தீன்’ என்ற ஹாலிவுட் படத்தை ‘ப்ளூரே, கறுப்பு வெள்ளை, முழுப்பதிப்பு, 117 நிமிடம்’ என்று விளம்பரம் செய்து ஓர் இணையக் கடை 1,499 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. இந்த நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை என்பதைக் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டவன் எழுதுகிறேன்.

வந்து சேர்ந்த பெட்டி என்னவோ நீல நிறப் ப்ளூரே பெட்டிதான். உள்ளே இருந்தது டிவிடி. அதுவும் தொழிற்சாலையில் அச்சானது அல்ல. வீட்டுக் கணினியில் எழுதியது. அடிப்பக்கம் ஊதா நிறத்தில் மின்னியது. அட்டை மலிவான அச்சுப்பொறியில் எடுத்தது, ஈரக் கை பட்டதும் மை கரைந்தது. சரி, உறை எப்படியிருந்தால் என்ன, படம் நன்றாக இருந்தால் போதும் என்று போட்டுப் பார்த்தால், நாயகன் கேரி கிராண்டின் முடியும் நெற்றியும் திரைக்கு மேலே எங்கோ போயிருந்தன.

இந்தப் படம் கிட்டத்தட்டச் சதுரமான பழைய சட்டகத்தில் எடுக்கப்பட்டது. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.37. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் போட்டால் இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். அந்தப் பட்டை பிடிக்காத யாரோ மேலும் கீழும் வெட்டி, மிச்சத்தைத் திரை முழுக்க இழுத்துப் பரப்பியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் படத்தின் உயரத்தில் ஏறத்தாழக் கால்வாசி காலி. கதையின் நாயகர்களான மூன்று பிரிட்டிஷ் சார்ஜெண்டுகளும் வரிசையாக நின்று சண்டை போடும் காட்சிகளில் தொப்பி இல்லை, கால் இல்லை, நடுவில் கைகள் மட்டும் வேலை செய்கின்றன.

அடுத்தது வண்ணம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியால் வண்ணம் பூசும் மோகம் 1980-களில் அமெரிக்காவில் கிளம்பியது. இந்தப் படமும் அதில் சிக்கியது. எனக்கு வந்தது அந்தப் பூச்சுப் பிரதியின் பிரதி. பாறை, தலைப்பாகை, குதிரை, மனிதர் எல்லாம் ஒரே காவி. ஜோசப் ஆகஸ்டின் ஒளிப்பதிவு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் லோன் பைன் பாறைகளைப் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறம் என்று நம்பவைத்தது அந்தச் சாம்பல் நிறங்களின் சாமர்த்தியம். சிப்பாய்களுக்குத் தண்ணீர் சுமக்கும் கங்கா தீனாக நடித்த சாம் ஜாஃபி நியூயார்க்கில் பிறந்தவர். அவர் முகத்தில் அப்பிய கருமை கறுப்பு வெள்ளையில் ஓரளவு ஒப்பேறிவிடும். வண்ணத்தில் மெருகு போட்ட சப்பாத்து போலப் பளபளக்கிறது.

படத்தின் அரசியல் மேல் எனக்கு எந்தக் காதலும் இல்லை. இதில் வரும் இந்தியன் ஒன்று கழுத்தை நெரிக்கும் தக்கி, இல்லையென்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குத் தண்ணீர் சுமக்கும் விசுவாசி. வெளிவந்த காலத்தில் பம்பாயிலும் வங்காளத்திலும் தடை செய்தார்கள். காரணம் புரியாமல் இல்லை. ஆனால் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய அந்தச் சண்டைகளின் வேகத்தைப் பிற்காலச் சாகசப் படங்கள் எத்தனையோ கடன் வாங்கியிருக்கின்றன. திட்டுவதற்காவது முழுப்படம் கையில் வேண்டாமா?

முழுப்படம்தான் இல்லை. முதல் வெளியீட்டில் 117 நிமிடம் ஓடிய படத்தை மறுவெளியீட்டின்போது 20 நிமிடங்களுக்கு மேல் வெட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் புழங்கியது அந்தக் குறைப்பிரதிதான். பிற்பாடுதான் மீட்டுச் சேர்த்தார்கள். எனக்கு விற்றது குறைப்பிரதி. இதைக் கண்டுபிடிக்கக் கடிகாரம்கூட வேண்டாம். மூலக் கவிதையை எழுதிய ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கையே ஒரு பாத்திரமாகக் கடைசிப் பகுதியில் காட்டியிருந்தார்கள். அவருடைய குடும்பத்தார் ஆட்சேபித்ததால் அந்த உருவம் நீக்கப்பட்டது. மீட்ட பதிப்பில் திரும்ப வந்தது. இறந்த தண்ணீர்க்காரனுக்கு மரியாதை செய்யும் இடத்தில் கிப்ளிங் நிற்கவில்லை என்றால் உங்களிடம் இருப்பது குறைப்பிரதி.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நல்ல விற்பனையாளரோடும் சண்டைக்குப் போவீர்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்குத் தயாரான டிவிடியில் படம் நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 25 என்று ஓடும். அதனால் 117 நிமிடப் படம் 112-இல் முடிந்துவிடும். அது வெட்டு அல்ல. தொண்ணூற்றுச் சொச்சத்தில் முடிந்தால்தான் வெட்டு.

விற்றவருக்கு எழுதினேன். ‘கலர் பிடிக்கவில்லை என்றால் டிவியில் கலரைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள் சார்’ என்று பதில் வந்தது. கலரைக் குறைக்கலாம்; போன தலைகளையும் நிமிடங்களையும் எந்தப் பொத்தானை அழுத்தி வரவழைப்பது? அதற்கு, ‘பழைய படம் சார், பதிப்புரிமை முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் போடலாம்’ என்றார். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை 60 ஆண்டுதான், உண்மை. ஆனால் நான் கேட்டது போடும் உரிமையைப் பற்றியா? இல்லாத காட்சிகளை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியதைப் பற்றி. ‘படங்களுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை, மாற்று மட்டுமே’ என்று சொல்லி அதே வட்டின் இன்னொரு நகலை அனுப்பினார். அதிலும் அதே காவி.

இந்த ‘மாற்று மட்டுமே’ என்பதற்குப் பணிய வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பனையாளர் மறுக்க முடியாது. விற்பனைத் தளத்தில் ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரப் பக்கத்தின் படம், வட்டின் அடிப்பக்கப் படம், ஓடும் நேரம் தெரியும் திரையின் படம் மூன்றையும் இணைத்து அந்த அலுவலருக்கே எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்தேன். அனுப்பும் கட்டணம் போக மீதி வந்தது. அந்தக் கட்டணத்துக்கான கடிதப் போக்குவரத்து இன்னும் நடக்கிறது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் வட்டின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அச்சான வட்டு வெள்ளிபோல இருக்கும். நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் ‘ஐஎஃப்பிஐ’ (IFPI) என்று தொடங்கும் குறியீடு பொடியாகத் தெரியும். ஊதா என்றாலே போலி என்றும் சொல்லிவிட முடியாது, சில அபூர்வப் படங்களைப் பெரிய நிறுவனங்களே கேட்பவருக்கு மட்டும் எழுதி விற்றதுண்டு. ஆனால் இந்தப் படத்தை வார்னர் நிறுவனம் 2004-இல் முறையான டிவிடியாகவே வெளியிட்டிருக்கிறது. டிவிடிகளை எந்தெந்த நாடுகளில் ஓட வேண்டும் என்று மண்டலம் பிரித்து விற்பார்கள். அமெரிக்க வட்டாக இருந்தால் மண்டலம் 1 என்ற குறி இருக்கும்; இந்தியாவின் மண்டலம் 5 என்பதால் உங்கள் கருவி அதை ஏற்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனத்தின் டிவிடி என்று சொல்லி, கூடவே எந்த நாட்டிலும் ஓடும் என்றும் உறுதி கொடுத்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

என் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது வேறு கடைப் பெயரில், 1,299 ரூபாய்க்கு மறுபடி வந்திருக்கிறது. அட்டையில் யானையின் தும்பிக்கை வலது ஓரத்தில் பாதியோடு வெட்டுப்பட்டிருக்கும், கால அளவு 117 என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதே வட்டுதான்.