டவுன் மேயரை விழாவுக்கு அழைக்கும் சேவை: எங்கள் அனுபவம்

இங்கிலாந்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். ஆண்டு விழாவுக்கு எங்கள் டவுன் மேயரை அழைத்தோம். தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

கவுன்சில் அலுவலகம் அனுப்பிய படிவம் நுணுக்கமானது. வாசலில் வரவேற்பது யார், காரை எங்கே நிறுத்துவது, பேச வேண்டுமா, பதவிச் சங்கிலி அணிந்து வர வேண்டுமா என்று எல்லாமே கேட்டிருந்தார்கள். கட்டணம் எதுவும் இல்லை.

மேயர் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெயர்களை மேடைக்குப் பின்னால் எங்களிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'யாழினி'யில் வரும் ழகரத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமம் இருக்கிறதே, அதற்கே ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். அப்புறம் சங்கிலியைக் குனிந்து காட்டினார். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு முன்னாள் மேயரின் பெயர். பிள்ளைகள் விரலால் தடவித் தடவிப் படித்தார்கள்.

ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். டவுன் மேயர் என்பவர் டவுன் கவுன்சில் எனும் ஊர் அளவிலான உள்ளாட்சி மன்றத்தின் தலைவர். 1972 உள்ளாட்சிச் சட்டப்படி வந்த பட்டம் அது. சாலைப் பள்ளம், பள்ளிச் சேர்க்கை போன்றவை அவர் கையில் இல்லை. எங்கள் பெற்றோர் சிலர் அதையெல்லாம் கேட்டார்கள். அவர் பொறுமையாக எந்த அலுவலகம் என்று வழிகாட்டினார்.

கவுன்சிலர்கள் ஆண்டுதோறும் மே மாதக் கூட்டத்தில் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள்; ஆள் மாறலாம். அதனால் கோடை விழாவென்றால் தேதியை அலுவலகத்தில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். நவம்பரில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் போர் நினைவு ஞாயிறைத் தவிர்ப்பது நல்லது; அன்று மேயருக்கு அந்த நிகழ்ச்சி இருக்கும்.