பெட்டியா, தட்டை றெயிலா, உருளைக் குழாயா: முதலில் எதில் ஏறுவது?

ஆடி மாத விடுமுறைக்கு ஒஸ்லோவிலிருந்து வன்னியிலுள்ள வட்டக்கச்சிக்கு வந்திருந்த என் மருமகன், வந்த மூன்றாம் நாளே என்னிடம் ஒரு சந்தேகத்தைக் கொண்டுவந்தான். வருகிற பெப்ரவரியில், நோர்வேப் பாடசாலைகளின் குளிர்கால விடுமுறையில், ஸ்கீ என்ற பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, றெயில் எனப்படும் இரும்புத் தடத்தின்மேல் சறுக்கப் பழகிவிடவேண்டும் என்பது அவனுடைய தீர்மானம். அகலமான பெட்டியில் தொடங்கு என்கிறான் ஒரு நண்பன்; பெட்டியில் பழகினால் பெட்டியோடுதான் நிற்பாய், நேரே இரும்பில் ஏறு என்கிறான் இன்னொருவன். ஊர் திரும்புமுன் நானும் நோர்வேயில் பல குளிர்காலங்களை இந்தப் பழக்கத்தோடு கழித்தவன் என்பதால், அவனுக்குச் சொன்னதையும், பின்னர் எங்கள் வளவிலேயே செய்து பார்த்ததையும் இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். வன்னியில் பனி இல்லை. ஆனால் வன்னிப் பிள்ளைகள் பலர் இன்று பனியுள்ள நாடுகளில் வளர்கிறார்கள், அவர்களுடைய தாய் தகப்பனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

பனிமலைகளில் மேடுகளும் தடங்களும் வைத்து அமைக்கப்படும் பார்க்கில் மூன்று வகைப் பொருள்களைத் தொடக்கக்காரர் காண்பார். ஒன்று, மேற்பரப்பில் வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடு பதித்த, ஓர் அடி முதல் இரண்டு அடி வரை அகலமான பெட்டி. இரண்டாவது, ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலமுள்ள தட்டையான எஃகு றெயில். மூன்றாவது, உருண்டையான எஃகுக் குழாய். பெட்டியில் மட்டும் இரண்டு கால்களையும் முன்னோக்கி நேராக வைத்துச் சறுக்கலாம். மற்ற இரண்டிலும் இரண்டு ஸ்கீகளும் அருகருகே பொருந்த இடமில்லை. ஆகவே துள்ளி ஏறும்போதே உடம்பைக் கால்வட்டம் திருப்பி, ஸ்கீகள் றெயிலுக்குக் குறுக்கே கிடக்க, பாதத்தின் நடுப்பகுதி இரும்பின்மேல் அமர, பக்கவாட்டில் வழுக்கிச் செல்லவேண்டும். கண் முன்தோளுக்கு மேலாக றெயிலின் மறு அந்தத்தைப் பார்த்திருக்கவேண்டும். காலைப் பார்த்தவர் காலடியிலேயே விழுவார்.

பெட்டியின் பெருமை அதன் தாராளம். நேராக ஏறி நேராக இறங்கினால், முதல் நாளிலேயே ஒரு பிள்ளைக்கு நம்பிக்கை பிறந்துவிடும். பனியிலிருந்து வேறொரு பரப்புக்கு மாறும் அந்த ஒரு கணத்து நடுக்கம் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அந்தத் தாராளமே அதன் குறையும் ஆகிறது. பெட்டியில் குறுக்காகத் திரும்பி நிற்கும்போது, பாதம் நடுவில் இல்லாமல் ஒரு சாண் தள்ளி இருந்தாலும் அகலம் தாங்கிக்கொள்ளும். உடல் சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தாலும் பிளாஸ்டிக் எஃகைப்போல் சட்டென்று வழுக்கிவிடாமல் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். தவறு செய்தவனுக்குத் தான் தவறு செய்தது தெரியாமலே போய்விடும். என் கண்முன்னே எத்தனையோ பேர் ஒரு பருவம் முழுவதும் பெட்டியில் அழகாகச் சென்று, அடுத்த பருவத்தில் இரும்பில் ஏறிய முதல் தடவையே இடுப்பு அடிபட்டு எழும்பியதைக் கண்டிருக்கிறேன்.

தட்டை றெயில் அப்படி மறைக்காது. இங்கேதான் இந்தப் பழக்கத்தின் உயிர்நிலை இருக்கிறது, ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். மலைச்சரிவில் வைக்கப்பட்ட றெயில்கள் பலவும் கீழ்நோக்கிச் சாய்ந்தவை. அப்படிச் சாய்ந்த றெயிலின்மேல் நிற்பவர், பூமிக்கு நேர்குத்தாக நின்றாலே றெயிலைப் பொறுத்தவரை பின்னால் சாய்ந்தவர் ஆகிவிடுகிறார். அவருடைய ஸ்கீயின் அடிப்பரப்பு எஃகின்மேல் படிந்து கிடக்காமல் ஓரமாக உயர்கிறது, ஓரம் உயர்ந்ததும் இரண்டு கால்களும் உடலை விட்டு முன்னே ஓடுகின்றன, விலாவும் இடுப்பும் இரும்பில் இறங்குகின்றன. பயப்படும் உடல் பின்னுக்கு வாங்குவது இயல்பு. றெயில் கேட்பதோ அந்த இயல்புக்கு நேரெதிரானது. சரிவுக்கு நேர்குத்தாக, அதாவது கீழ்நோக்கிப் போகும் பக்கத்துத் தோளைத் துணிந்து கீழே கொடுத்து நிற்கவேண்டும். மாரியில் வயலுக்குப் போய்ப் பழகிய எங்களுக்கு இது புதிதல்ல. ஈரக் களி பூசிய வரம்பு சரியும் இடத்தில் பின்னால் சாய்ந்து கால்வைத்தவர் சேற்றில் இருப்பார். சரிவோடு உடம்பைக் கொடுத்து நடந்தவர் நாற்றுக்கட்டோடு கரைக்குப் போய்ச் சேருவார். இதை மருமகனிடம் சொன்னபோது அவனுக்கு விளங்கவில்லை. இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த சிறுபோக வயலுக்குக் கூட்டிச்சென்று வெறுங்காலோடு வரம்பில் இறங்கவைத்தேன். இரண்டாவது வழுக்கலில் விளங்கிக்கொண்டான்.

உருளைக் குழாயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தட்டை றெயிலில் ஸ்கீக்கு ஓர் உள்ளங்கை அகலமாவது படிவதற்கு இருக்கிறது. குழாயில் ஒரு கோடுதான். பாதத்தின் நடு அந்தக் கோட்டில் இல்லையென்றால் ஸ்கீ ஏற்ற இறக்கப் பலகைபோல் முன்னும் பின்னும் ஆடும். அதற்குக் கூரிய விளிம்பு இல்லாததால், விழுந்தாலும் முழங்கால் எலும்பு வெட்டுப்படாது என்பது ஒரு நன்மை. நான் முதலில் ஏறியது, யாருடைய பேச்சையும் கேளாமல், குழாயில்தான். மூன்று விரற்கடை பின்னால் தவறிக் குதிக்கால் பட்டது. பிறகு ஆறு கிழமை, இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்க முடியவில்லை.

ஆகவே மூன்றில் எதைத் தேர்வது என்றால், என் தீர்ப்பு நண்பர்கள் இருவருடையதற்கும் நடுவே இல்லை. இரும்பின் பக்கமே சாய்கிறது. பெட்டிக்கு ஒரு நாள், கூடினால் ஒன்றரை நாள் கொடுக்கலாம்: காலையில் நேராக, மத்தியானத்துக்குப் பின் குறுக்காக. அதற்கு மேல் அங்கே தங்கக்கூடாது. அடுத்த நாளே நிலத்தோடு ஒட்டிய, துள்ளாமலே ஏறிவிடக்கூடிய, நீளம் குறைந்த தட்டை றெயிலுக்குப் போய்விடவேண்டும். உயரம் குறைந்தால் விழுகையும் சிறிதாகவே இருக்கும். ஆனால் றெயில் சொல்லும் பாடம் குறையாது. வட அமெரிக்காவில் பார்க்குகளைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள்; அந்தச் சிறியதன் எல்லைக்குள்ளேயே இந்தத் தட்டை றெயில் கிடைக்கும். குழாயை அடுத்த குளிர்காலத்துக்கு விட்டுவைக்கலாம்.

வேகத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தொடக்கக்காரர் பலர் மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நினைத்து, றெயிலின் நடுவிலேயே நின்றுபோய், எந்தப் பக்கமாக விழுவது என்று தாமே தெரிவுசெய்ய முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள். சைக்கிள் ஓடப் பழகிய நாளை நினைத்தால் போதும். மறு அந்தம் வரை தள்ளிச்செல்லும் அளவுக்கு வேகம் வேண்டும். அதை, முதலில் றெயிலுக்குப் பக்கத்தால் ஓடிப்பார்த்து அளந்துகொள்ளலாம்.

அடுத்த ஒப்பீடு ஸ்கீ பற்றியது. மருமகனின் தகப்பனான அத்தான் நல்ல மனதோடு வாங்கிக்கொடுத்திருந்த விலையுயர்ந்த சோடி இதற்கு உதவாது என்று சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அது சீர்செய்த பாதைகளில் வளைந்து வளைந்து இறங்குவதற்கானது: வால் தட்டையானது, எஃகு ஓரம் கத்திபோல் தீட்டப்பட்டது. அந்தக் கூர்தான் கடினமான பனியில் பிடிப்பைத் தருகிறது, அதே கூர்தான் பெட்டியின் பிளாஸ்டிக்கைக் கடித்து ஆளைத் தூக்கி எறிகிறது. பார்க்குக்கான ஸ்கீயில் பாதத்தின் கீழுள்ள ஓரத்தை அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுவார்கள். முன்னும் பின்னும் நுனி வளைந்திருக்கும். 1998 இல் சலமன் நிறுவனம் வெளியிட்ட ‘ரென்எய்ற்றி’ என்ற ஸ்கீதான் இந்த இருநுனி வடிவத்தைப் பரவலாக்கியது. றெயிலிலிருந்து தவறுதலாகப் பின்பக்கமாக இறங்க நேர்ந்தாலும் வால் பனியில் குத்தாமல் ஓடும் என்பதால், தொடக்கக்காரருக்கு இது அலங்காரம் அல்ல, காப்பு. 2014 இல் ரஷ்யாவின் சோச்சியில் ஸ்லோப்ஸ்ரைல் ஸ்கீ, அதாவது தடைகள் வைத்த சரிவில் வித்தை காட்டி இறங்கும் போட்டி, முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது றெயில்களும் அந்தப் போட்டித் தடத்தின் பகுதியாக இருந்தன. பழைய இருநுனிச் சோடி ஒன்றை வாங்கினால் போதும் என்று அத்தானுக்கு எழுதினேன். தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கவேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

இனி, பனி வரும்வரை என்ன செய்வது என்ற கேள்வி. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோரன்ஸ்கூக்கில் 2020 இல் திறக்கப்பட்ட ‘ஸ்னூ’ என்ற உள்ளரங்கில் ஆண்டு முழுவதும் பனி உண்டு. அது உண்மையான சரிவு, உண்மையான குளிர். காசு கொடுத்து நுழையவேண்டும் என்பதைத் தவிர அதற்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு ஈடாக எங்கள் வளவை நிறுத்துவது நியாயமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் செய்து பார்த்தோம். நான் ஊருக்குக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டில் பரணில் போட்டிருந்த சோடியையும் சப்பாத்துகளையும் இறக்கினோம். பனைமரச் சலாகைகளில் ஒட்டுப்பலகை அறைந்து ஆளுயரத்தில் ஒரு சாய்தளம் செய்து, அதன்மேல் பச்சைப் பிளாஸ்டிக் புல்விரிப்பை ஆணியடித்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்தோம். அது வந்து முடியும் கீழ் அந்தத்தில், மரச்சட்டத்தில் இறுக்கிய நாலங்குல பீ.வீ.சீ. குழாய் பத்தடி நீளத்துக்கு ஒரு செங்கல் உயரத்தில் கிடந்தது. சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தபோதெல்லாம் குழாயைத் துடைக்கவேண்டியிருந்தது. காலை எட்டு மணிக்கு மேல் அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் சப்பாத்துக்குள் கால் வைக்க முடியாது, அவ்வளவு சூடு. ஆகவே விடியப்புறமும் பின்னேரமும் மட்டும்தான். திண்ணையில் இருந்த அம்மா, “மெல்ல, மெல்ல. விழுந்து கிழுந்து போடாதை ராசா” என்பதை ஒவ்வொரு தடவையும் தவறாமல் சொன்னா.

ஐந்து நாளில் அவனுக்குக் கால்வட்டத் திருப்பம் வந்துவிட்டது. இடுப்பையும் காலையும் ஒன்றாகத் திருப்புவது, பாதத்தின் நடுவைக் குழாயில் வைப்பது, மறு அந்தத்தைப் பார்ப்பது ஆகிய மூன்றிலும் வளவு உள்ளரங்கை வென்றது என்றே சொல்வேன். மலையில் ஒரு தடவை சறுக்கியபின் மேலே போக இழுவைக் கம்பிக்கு வரிசையில் நிற்கவேண்டும்; இங்கே ஒரு மணித்தியாலத்தில் நாற்பது தடவை ஏறலாம். ஆறாம் நாள் காலை அவன் ஓர் அசைவும் இல்லாமல் பத்தடியையும் கடந்தபோதுதான் எனக்கு ஒரு பயம் பிடித்தது. அவன் பூமிக்கு நேர்குத்தாக நின்றிருந்தான். எங்கள் குழாயோ மட்டமாகக் கிடந்தது. மட்டக் குழாயில் அது சரியான நிலை; சாய்ந்த றெயிலில் அதே நிலை மேலே சொன்ன அதே விழுகை. வன்னி தட்டை நிலம், எங்கள் வளவும் தட்டை. அந்தத் தட்டையையே நாங்கள் அவன் உடம்புக்குள் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே தொடக்க முனையின் கீழ் மேலும் இரண்டு செங்கல் வைத்துக் குழாயைச் சாய்த்தேன். முதல் மூன்று தடவையும் அவன் பின்னால் விழுந்தான். விழுவதற்காக அடியில் பழைய மெத்தையும் வைக்கோலும் போட்டிருந்தோம். நான்காவது தடவை, முன்தோளை வரம்பில் கொடுத்ததுபோல் கொடுத்தான். ஸ்கீ படிந்து கிடந்தது, சத்தம் மாறியது: அதுவரை கீறிக்கொண்டிருந்த ஓரத்தின் சத்தம் போய், அடிப்பரப்பு வழுக்கும் ஒரு மெல்லிய சீறல் மட்டும் கேட்டது. காலைக் குனிந்து பார்க்கவேண்டியதில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும் என்று அவனுக்குச் சொன்னேன். எஃகிலும் அப்படித்தான் கேட்கும்.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு செங்கல் கூட்டினோம். விமானத்துக்குப் புறப்பட்ட அன்று விடியப்புறமும் ஆறு செங்கல் உயரத்திலிருந்து பதினொரு தடவை இறங்கினான். இரண்டு தடவைதான் விழுந்தான், இரண்டும் முன்பக்கமாக.