லைக் போட்டால் காசு: ஒரே படம், மூன்று கடை

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மாமா பையன், ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று இரவு விளக்குகளோடு சேலத்தைப் படம் எடுத்தான். நன்றாகவே வந்திருந்தது. "மாப்ள, இதுக்கு லைக் போடுறவனுக்கும் காசு தர்ற ஆப் இருக்காமே?" என்றான். இருக்கிறது. ஆனால் தாங்குமா என்பதுதான் கேள்வி.

முதல் கடை ஸ்டீமிட் என்ற இணையதளம். 2016-ல் வந்தது. லைக்குக்கு அங்கே ஓட்டு என்று பெயர். படத்துக்கு விழும் ஓட்டைப் பொறுத்து, 'ஸ்டீம்' என்ற அவர்களுடைய மின்-நாணயத்தில் அன்று புதிதாக உருவாவதில் பங்கு. 2019 ஆகஸ்டிலிருந்து போட்டவருக்குப் பாதி, ஓட்டுப் போட்டவர்களுக்குப் பாதி. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? சரி, அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? தொடங்கியபோது விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது. நாணயத்தைப் புதிதாக உருவாக்கித்தான் கொடுத்தார்கள். 2016 டிசம்பரில் புது நாணயம் ஆண்டுக்கு 9.5 சதவீதம் என்று வைத்து, அதைச் சிறிது சிறிதாகக் குறைக்க ஏற்பாடு. புது நாணயம் சேரச் சேர, பழையதன் மதிப்பைப் பிடித்து நிறுத்த வெளியிலிருந்து யாராவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 2018 ஜனவரியில் ஒரு ஸ்டீம் 7 டாலருக்கு மேல் போனது. அந்த ஆண்டு முடியும்போது அரை டாலர்கூட இல்லை. நவம்பரிலேயே நிறுவனம் பத்தில் ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

விலையைவிட எனக்கு உறுத்துவது ஓட்டுதான். அங்கே தலைக்கு ஒரு ஓட்டு என்பதில்லை, கையில் நாணயம் எவ்வளவோ அவ்வளவு கனம். அப்புறம் என்ன, மொய் நோட்டுக் கதைதான். நீ எனக்கு, நான் உனக்கு. பணம் அனுப்பினால் ஓட்டுப் போட்டுத்தரும் தானியங்கிக் கணக்குகளே முளைத்தன. கல்யாண மொய்யிலாவது சாப்பாடு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். இங்கே படத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. 2020-ல் ட்ரான் என்ற இன்னொரு மின்-நாணயத்தைத் தொடங்கிய ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கியதும், பிடிக்காதவர்கள் மார்ச்சில் ஹைவ் என்று தனி நாணயமாகப் பிரிந்து போனார்கள். ஆள் மாறியது; ஓட்டுக்குக் காசு என்ற ஏற்பாடு மாறவில்லை.

யூடியூப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படத்தை வீடியோவாக்கிப் போட்டால், நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஆனால் 1,000 சந்தாதாரர், 4,000 மணி நேரப் பார்வை என்று வாசல்படி உயரம். லைக் அழுத்துபவருக்குப் பைசா கிடையாது. பணம் சோப்பு விற்கிற கம்பெனியிடமிருந்து வருகிறது, அதனால் கடை ஓடுகிறது.

மூன்றாவது ரெட்டிட் என்ற விவாதத் தளம். 2005 முதல் ஓட்டு இலவசம். கிடைப்பது கர்மா என்ற வெறும் எண். அவர்களுக்கும் ஆசை வந்தது. 2020-ல் சில குழுக்களில் 'மூன்' போன்ற நாணயங்களைப் புள்ளிகளாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023 அக்டோபரில் நிறுத்துவதாக அறிவித்தார்கள், மூன் விலை சரிந்தது. இலவச ஓட்டு மட்டும் பழையபடி நடக்கிறது.

நம்மூர் சேகோசர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981-ல் பதிவான கூட்டுறவு, ஜவ்வரிசி விற்கிறார்கள். மாதிரியைப் பார்த்து வியாபாரி டெண்டரில் விலை போடுகிறார். தப்பாகப் போட்டால் நஷ்டம் அவருடைய மடியில். ஸ்டீமிட்டில் ஓட்டுப் போடுபவர் தன் மடியிலிருந்து எதையும் எடுப்பதில்லை; குப்பைக்குப் போட்டாலும் பங்கு வரும். இதற்கு எதிராகக் கீழிறக்கும் ஓட்டு உண்டு, ஆனால் பகை வேண்டாம் என்று பலர் தொடுவதில்லை.

கட்டாயம் காசு கொடுத்துத்தான் தரம் பார்க்க வேண்டுமென்றால், காபி ருசி பார்ப்பவருக்குக் கொடுப்பதுபோல மாதச் சம்பளமாகக் கொடுக்கலாம். "நன்று" என்று சொன்னால் இவ்வளவு என்று கொடுத்தால், சேர்வராயன் மலையில் மட்டமான காபியே விளையாது.

மாமா பையன் கடைசியில் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். பார்த்த ஒருவர் கொலுசு விலை கேட்டிருக்கிறார்.