பென்சில் செல்லா லித்தியமா: 200எல்எக்ஸ், சையான், பாம், ஜோர்னாடா நாலையும் வச்சு மல்லுக்கட்டுன கதை

எங்க மாமாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கமிஷன் கடை. விடியக்காலம் நாலு மணிக்கு மல்லி வந்து எறங்குறப்ப அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் ஃபோன்ல கால்குலேட்டர தட்டிக்கிட்டு இருப்பாங்க, இவரு மட்டும் சட்டைப்பையில கைய விட்டு எச்பி 200எல்எக்ஸ்ங்கற மடக்குற கைக்கம்ப்யூட்டர எடுத்து டப்புனு தொறப்பாரு (அதுக்குன்னே பைய பெருசா வச்சுத் தச்ச சட்டை), லோட்டஸ் 1-2-3ங்கற கணக்குத்தாள் புரோகிராம்ல எடையும் ரேட்டும் போட்டு கமிஷன கழிச்சு வெவசாயிக்குச் சேர வேண்டியத சொல்லிட்டு மூடிருவாரு. 97ல சிங்கப்பூர்ல இருந்து ஊருக்கு வரும்போது கொண்டாந்தது. 1994ல வந்த மாடல், உள்ள ரோம் சிப்லயே டாஸ் 5.0 சிஸ்டம், வேகம் 7.91 மெகாஹெர்ட்ஸ், கலரும் கெடையாது, ஸ்க்ரீன்ல லைட்டும் கெடையாது. "மார்க்கெட்ல ட்யூப்லைட் எரியுதுல்ல, அது போதும்"ங்கறாரு.

அவரப் பாத்துத் தொத்துன வியாதிதான் எனக்கு. இப்ப வீட்டுல இதே மாதிரி பழைய கைக்கம்ப்யூட்டருங்க சேந்துருச்சு. சையான் சீரிஸ் 5எம்எக்ஸ் ஒண்ணு இருக்கு, 1999 மாடல், மலேசியாவுல இருக்குற சொந்தக்காரர் ஒருத்தர் கழிச்சுக் கட்டுனது. பாம் 3எக்ஸ் ஒண்ணு, கூட வேலை பாக்குறவரு சும்மா குடுத்தாரு (பாம்னு எழுதுனா வெடிகுண்டுன்னு படிச்சிராதீங்க, இது உள்ளங்கை பாம்). அப்புறம் திலகர் திடல் ஞாயித்துக்கிழமை சந்தையில பழைய ட்ரில் மிஷினுக்கும் மிக்சி ஜாருக்கும் நடுவுல கெடந்த எச்பி ஜோர்னாடா 720. மாமாவோடதும் பழுதானா என் மேசைக்குத்தான் வரும், அதனால நாலும் என் கையில பட்டு அடிபட்டதுதான்.

இதுல எத வச்சுக்கலாம், எத வாங்கலாம்னு கேட்டா எல்லாரும் மெகாஹெர்ட்ஸையும் மெமரியையும் பக்கத்துல பக்கத்துல எழுதி மார்க் போடுறாங்க. அப்படிப் பாத்தா ஜோர்னாடாதான் ராஜா. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், 32 எம்பி மெமரி, கலர் ஸ்க்ரீன், பிசிஎம்சிஐஏ, சிஎஃப்னு கார்டு சொருகுற ரெண்டு ஸ்லாட்டு. நம்ம பெங்களூர்ல ஐஐஎஸ்சி ஆளுங்க சேந்து செஞ்ச சிம்ப்யூட்டர்ங்கற கைக்கம்ப்யூட்டருக்குள்ள இருந்ததும் இதே ஸ்ட்ராங்ஆர்ம் சிப்தான். ஆனா என் வீட்டுல ரொம்ப நாளு செத்துக் கெடந்ததும் அதே ஜோர்னாடாதான். நான் மொதல்ல பாக்குறது பேட்டரி மூடிய. உள்ள பென்சில் செல் போடுற குழி இருந்தா அந்த மிஷினுக்கு ஆயுசு கெட்டி, லித்தியம் பேக் இருந்தா ஏழரை.

ஏன்னு சொல்றேன். லித்தியம் பேக்க யூஸ் பண்ணாட்டியும் அது வயசாகிக்கிட்டேதான் இருக்கும், அதுலயும் மதுரை மே மாசத்துல ஓட்டு வீட்டுப் பரண்ல கெடந்துச்சுன்னா கேக்கவே வேணாம். ஜோர்னாடா பேக் நான் வாங்கும்போதே காலி. கம்பெனி பேக் எங்கயும் கெடைக்காது, பழைய ஸ்டாக்குன்னு ஆன்லைன்ல விக்கிறதும் அதே வயசு செல்லுதான, அது எப்படி நிக்கும்? லேப்டாப் பேட்டரி பிரிச்சுக் கட்டுற அண்ணே ஒருத்தர்கிட்ட டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கொண்டுபோனேன், பழைய செல்ல எடுத்துட்டு உள்ள இருக்குற சின்ன போர்ட மட்டும் பத்திரமா வச்சு புது செல்ல ஸ்பாட் வெல்டிங் அடிச்சுக் குடுத்தாரு, 1100 ரூவா. "தம்பி, செல்லு மேல நேரா சால்டரிங் வைக்காதீங்க, சூடு உள்ள போச்சுன்னா சோலி முடிஞ்சுது, சூதானமா இருங்க"ன்னாரு. அது எல்லாம் சரியாத்தான் ஓடுச்சு. நான் செஞ்ச கிறுக்குத்தனம் என்னன்னா உள்ள இருந்த பழைய சிஆர்2032 பட்டன் செல்ல மாத்தாம விட்டது. உசிலம்பட்டிக்குப் போயி மூணு வாரம் இருந்துட்டு வந்து தொறந்தா பேக் எறங்கிப்போச்சு, பட்டன் செல்லும் காலி, அதுல ஓடுற விண்டோஸ் சிஇ புது மாப்பிள்ள மாதிரி வெல்கம் சொல்லி ஸ்க்ரீன்ல பிளஸ் குறிய தொடச் சொல்லுது. அதுல வச்சதெல்லாம் ராம்ல, செல்லு செத்தா ராம் மறந்துரும், எல்லாம் போச்சு.

சையானுக்கும் 200எல்எக்ஸுக்கும் இந்தத் தொல்லை பாதிதான். ரெண்டும் ரெண்டு ஏஏ செல், காவலுக்கு ஒரு பட்டன் செல். பெரிய செல்ல கழட்டுன நேரம் பட்டன் செல்லு மெமரிய புடிச்சுக்கிட்டு இருக்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டாம இருந்தா போதும். பெட்டிக்கடையில கெடைக்குற செல்லப் போட்டு மார்க்கெட்டுக்குப் போயிரலாம்ங்கறது லேசுப்பட்ட விஷயம் இல்லங்க, இன்னும் அம்பது வருஷம் ஆனாலும் சுவர்க் கடிகாரம் இருக்குற வரைக்கும் பென்சில் செல் இருக்கும். நான் ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போடுறேன், அது 1.5 வோல்ட் இல்ல 1.2 வோல்ட்டுங்கறதால மிஷினு சீக்கிரமே செல்லு எறங்கிருச்சுன்னு பொலம்பும், அப்புறமும் கொஞ்ச நாளு ஓடிக்கிட்டே இருக்கும், பொலம்பல கண்டுக்காதீங்க. 200எல்எக்ஸ் செட்டப்ல ஆல்கலைனா, ரீசார்ஜ் பண்ற நிக்காடான்னு செல்லு வகைய மாத்துற எடமே இருக்கு. வெயில் காலத்துல இந்த செல்லுங்க சும்மா இருந்தாலும் வேகமா எறங்கும், அதையும் மனசுல வச்சுக்கங்க.

பாம் 3எக்ஸ் நடுவுல நிக்குது. ரெண்டு சின்ன பென்சில் செல் (ஏஏஏ), பட்டன் செல் கெடையாது. உள்ள ஒரு கெப்பாசிட்டர்தான் செல் மாத்துற நேரத்துக்கு மெமரிய தாங்கணும், புதுசுல ஒரு நிமிஷம் தாங்குமாம். எங்கிட்ட இருக்குறது கெழவன், மொத செல்ல போட்டு ரெண்டாவத எடுக்குறதுக்குள்ள எல்லாத்தையும் மறந்துரும். ஆனா பாம்ல அதுக்காக அழுக வேணாம், லினக்ஸ்ல பைலட்-லிங்க்னு ஒரு தொகுப்பு இருக்கு, அத வச்சு முழுசா பேக்கப் எடுத்து வச்சிருந்தா காபி குடிச்சு முடிக்குறதுக்குள்ள பழையபடி ஆக்கிரலாம். பாம் 5ஐ மட்டும் அழகா இருக்கேன்னு வாங்கிறாதீங்க. உள்ளயே லித்தியம், ஸ்க்ரூவும் இல்ல, ஒட்டு, ஹேர் டிரையர்ல சூடு காமிச்சுப் பிரிக்கணும்.

ரிப்பேர்ல இந்த வரிசை அப்படியே இருக்காது. கொஞ்ச நாளு முன்னால மாமாவோட 200எல்எக்ஸ் திடீர்னு படுத்துருச்சு. அவசரத்துக்குப் போட்ட மலிவு செல் கசிஞ்சு ஸ்பிரிங் மேல வெள்ளையும் பச்சையுமா பூத்துக் கெடந்துச்சு. ஆல்கலைன் செல்லுல இருந்து கசியுறது காரம், அதுக்கு புளிப்புதான் மருந்து. பாதி எலுமிச்சம்பழத்த எடுத்து காது குடையுற பட்ஸ்ல தொட்டு வச்சேன், சொர்ர்னு நொரைச்சுச்சு. நொரை நிக்குற வரைக்கும் தொட்டுத் தொட்டு வச்சு, அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், கடைசியா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், காஞ்சதும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க ரப்பர வச்சுத் தேய்ச்சேன். மேல் பூச்சு போயி கருத்த எடத்துல மட்டும் சன்னமா ஈயம் ஏத்துனேன். மாமா பக்கத்துல நின்னுக்கிட்டு "ஏன்டா மாப்ள, இத ஊறுகாய் போடப் போறியா, கணக்குப் போடப் போறியா?"ன்னு ஒரே லந்து. செல்லப் போட்டு ஆன் பண்ணுனதும் முந்தின நாள் மல்லி ரேட்டு அப்படியே நின்னுச்சு, பட்டன் செல்லு காப்பாத்திருச்சு. அப்புறம் மனுஷன் வாயே தொறக்கல.

சையான்தான் ரிப்பேர்ல பயமுறுத்துறது. கீபோர்டு அருமை, தொறக்கும்போது முன்னால நகந்து வந்து நிக்கும், பத்து வெரலையும் வச்சு அடிக்கலாம், இந்த சைசுல அப்படி ஒரு கீபோர்ட நான் வேற எதுலயும் பாக்கல. ஆனா அந்த தொறந்து மூடுற எடத்துல ஸ்க்ரீனுக்குப் போற ரிப்பன் கேபிள் ஒவ்வொரு தடவையும் மடங்கி மடங்கி ஒருநாள் உள்ளுக்குள்ள விரிசல் விட்டுரும், ஸ்க்ரீன்ல கோடு கோடா வரும், அப்புறம் ஒண்ணும் வராது. என்னோடதுல இப்பவே ஒரு கோடு வர்றதும் போறதுமா இருக்கு, அதனால ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல மூடித் தொறக்குறதில்ல. மேல ரப்பர் மாதிரி பூசியிருக்காங்களே, அது நம்ம ஊர் வெக்கைக்கு பலாப்பழப் பால் கணக்கா கையில ஒட்டும், ஆல்கஹால் வச்சுத் தொடைச்சு மொத்தமா எடுத்துட்டேன். 200எல்எக்ஸ்ல கீல் கிட்ட பிளாஸ்டிக் வெடிக்கும், ஆனா அது கண்ணுக்குத் தெரியுற வெடிப்பு, ஒட்டிக்கலாம். பாம்ல அப்படி மடங்குற எடமே இல்ல, நாள்பட நீங்க தொட்டது ஒரு எடம் அது புடிக்கிறது ஒரு எடம்னு ஆகும், அவ்வளவுதான்.

இப்ப நெட்டு. இதுலதான் ஆளுங்க காசத் தொலைக்கிறாங்க, நானும் தொலைச்சேன். ஜோர்னாடாவுக்குப் பழைய பிசிஎம்சிஐஏ வைஃபை கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டேன், அதுக்குத் தெரிஞ்ச பூட்டு டபிள்யூஇபிங்கற பழைய வைஃபை பாதுகாப்பு மட்டும்தான், வீட்டு ரவுட்டர்ல அந்த ஆப்ஷனே இல்ல. பழைய ரவுட்டர் ஒண்ண தனியா ஓடவிட்டு சேத்தாச்சு, சேந்தும் என்ன, இன்னைக்கு இருக்குற சைட்டு எல்லாம் புது டிஎல்எஸ் (தகவல பூட்டி அனுப்புற முறை) கேக்குது, அதுல இருக்குற பிரவுசர் திருதிருன்னு முழிக்குது. ரவுட்டரு, கார்டு, ராத்திரித் தூக்கம் எல்லாம் வீணு.

சையான்லயும் 200எல்எக்ஸ்லயும் இருக்குற சீரியல் போர்ட்டு (மோடம், கம்ப்யூட்டரு இதுகளோட சேக்குற பழைய கேபிள் வழி) இதவிட ஆயிரம் மடங்கு உருப்படி. இஎஸ்பி8266னு ஒரு சின்ன வைஃபை போர்டு, அதுல மோடம் மாதிரி நடிக்கிற ஃபர்ம்வேர ஏத்திட்டா பழைய காலத்து டயல்அப் மாதிரியே ஏடிடிடின்னு டயல் பண்ற கட்டளைய அடிச்சு வெளிய போகலாம், வைஃபை பாஸ்வேர்டு சமாச்சாரத்த எல்லாம் அந்த போர்டே பாத்துக்கும். ஆனா அது 3.3 வோல்ட்டு சாமான், சீரியல் போர்ட்ட நேரா சொருகுனா பொசுங்கிரும், நடுவுல வோல்ட்ட மாத்திக் குடுக்குற மேக்ஸ்3232 சிப் வேணும். கரண்டையும் மிஷின்ல இருந்து எடுக்காதீங்க, வைஃபை அனுப்புற நொடியில 300 மில்லி ஆம்ப் வரைக்கும் இழுக்கும், பென்சில் செல்லு நாக்குத் தள்ளிரும்.

எனக்கு அதவிடப் புடிச்சது ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டரு. அதுல ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிள் (எஃப்டிடிஐ சிப் உள்ளதா பாத்து வாங்குங்க), இந்தப் பக்கம் சையானோட சீரியல் கேபிள், பையில சீரியல் லாகின ஆன் பண்ணிட்டா சையான் வெறும் டெர்மினல், அதாவது பைக்கு ஸ்க்ரீனும் கீபோர்டும் மட்டும். எழுத்த மட்டும் காட்டுற லிங்ஸ் பிரவுசர் பையில ஓடுது, டிஎல்எஸ் தலைவலி பையோடது, சையானுக்கு எழுத்து மட்டும் வந்து சேருது. மொத நாள் ஒரு சாயங்காலம் பூரா ஒரு எழுத்துகூட வரல, கேபிள மாத்துறேன், வேகத்த 9600க்கு எறக்குறேன், ஃப்ளோ கண்ட்ரோல மாத்துறேன், ம்ஹூம். கடைசியில பாத்தா சையான்ல ரிமோட் லிங்க்னு ஒண்ணு ஆன்ல இருந்துக்கிட்டு போர்ட்ட அதுவே புடிச்சு வச்சிருக்கு. கன்ட்ரோலும் எல்லும் அமுக்கி ஆஃப் பண்ணி என்டர் தட்டுனேன், லாகின்னு வந்து நின்னுச்சு பாருங்க, வீட்டுல எல்லாரையும் எழுப்பிக் காமிச்சேன். 200எல்எக்ஸ்ல இந்தக் கூத்தே இல்ல, டேட்டாகாம்னு டெர்மினல் உள்ளயே இருக்கு, தொறந்தா வேலை செய்யும்.

உள்ளதச் சொன்னா தினப்படிக்கு நெட்டே தேவைப்படல. மாமாவோட மிஷின்ல அடாப்டர்ல சொருகுன ஒரு சின்ன சிஎஃப் கார்டு இருக்கு, வாரம் ஒருக்கா கழட்டி என் லேப்டாப்ல போடுவேன், லோட்டஸ் ஃபைல லிப்ரேஆபீஸ் அப்படியே தொறக்குது. கார்டு 2 ஜிபிய தாண்டக்கூடாது, டாஸுக்கு அதுக்கு மேல எண்ணத் தெரியாது. சையானுக்கும் சிஎஃப்தான், அடாப்டரே வேணாம். பாமுக்குக் கார்டும் கெடையாது, கம்ப்யூட்டரோட சேக்குற தொட்டில்ல வச்சுத்தான் ஆகணும், போதாததுக்கு அதோட காலண்டரு 2031ஓட முடிஞ்சிரும். தமிழ் நாலுலயும் வராது, மல்லி பிச்சி கனகாம்பரம் எல்லாத்தையும் இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும், மாமாவுக்கு அதுல மட்டும் தீராத கோவம்.

அப்ப எது? நெறைய எழுதுற ஆளுன்னா ரிப்பன் கேபிள் ரிஸ்க்கு தெரிஞ்சே சையான் வாங்குங்க. கணக்கு, குறிப்பு, நம்பி ஓட்டணும்னா 200எல்எக்ஸ், ஆனா நம்ம பக்கம் அது கண்ணுல படுறதே அபூர்வம், வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறதும் வெல கூடத்தான். சும்மா தொட்டுப் பாக்க ஆசைன்னா பாம் 3எக்ஸ். ஜோர்னாடாவுல விண்டோஸுக்குப் பதிலா நெட்பிஎஸ்டிங்கற சிஸ்டத்த ஏத்தி வெளையாடலாம், எனக்கு அதுக்கு இப்ப பொறுமை இல்ல.

திலகர் திடலுக்குப் போறதா இருந்தா காலையில வெரசாப் போங்க, பையில ரெண்டு ஏஏ, ரெண்டு ஏஏஏ, ஒரு சிஆர்2032 போட்டுக்கிட்டுப் போங்க. போன வாரம் நான் ஒண்ணத் தூக்கி மொதல்ல பேட்டரி மூடிய கழட்டி ஸ்பிரிங்க மோந்து பாத்துக்கிட்டு இருந்தேன், கடைக்காரரு ஒரு மாதிரியா பாத்துட்டுச் சொல்றாரு: "அண்ணே, அது கம்ப்யூட்டருண்ணே, மீன் இல்ல."