முதல் கொம்பியூட்டர் பூட்ட ரைசனா, ஐ3யா, பாவித்த அலுவலகப் பெட்டியா?

கிளிநொச்சிப் பக்கம் கொம்பியூட்டர் பூட்ட வெளிக்கிடும் பொடியள் எல்லாரும் முதலில் கேட்பது "எது ஸ்பீட்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது "படம் எங்கே இருந்து வரும்?" என்று. இறுக்கிப் பிடித்த காசில் தனி கிராபிக்ஸ் கார்ட் வாங்க முடியாது, ஆகவே திரைக்குப் படம் கொடுக்கும் வேலையையும் புரொசெசரே செய்தாக வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை வைத்தாலே கடைக்காரர் நீட்டும் விலைப்பட்டியலில் பலது கழிந்துவிடும். மிஞ்சுவதில் நின்று யோசிக்கத்தக்கவை மூன்று: ஏ520 மதர்போர்டில் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி, எச்610 மதர்போர்டில் இன்டெல்லின் கோர் ஐ3-12100, அல்லது கொழும்பு அலுவலகங்களில் இருந்து கழித்து விடப்பட்டு வரும் டெல், எச்பி பெட்டி.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 5600ஜி படம் தரும், ஜி இல்லாத 5600 தராது. இன்டெல்லில் இது தலைகீழ்: 12100 படம் தரும், 12100எஃப் தராது. எஃப் கொஞ்சம் மலிவு என்பதால் "இதையே எடுங்கோ தம்பி, எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லி விற்றுவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பூட்டினால் விசிறி சுற்றும், லைட் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும்.

சரி, ரைசனும் ஐ3யும். 5600ஜியில் 6 கோர் (புரொசெசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி), ஐ3-12100இல் 4 கோர். எண்ணிக்கையைப் பார்த்தால் ரைசன்தான் என்று தோன்றும், ஆனால் தனிக் கோரின் வேகத்தில் ஐ3 முன்னுக்கு நிற்கும், அதனால் பிரவுசர், வேர்ட், எக்செல் மாதிரியான வேலைகளில் அது துளி கூடச் சளைக்காது. யூடியூப் இப்போது நிறைய வீடியோக்களுக்குப் பாவிக்கும் ஏவி1 வடிவத்தை ஐ3யின் படப் பகுதி தானே பிரித்துக் காட்டும், 5600ஜியில் அந்தச் சுமை கோர்களின் தலையில் விழும், அது தாங்கும் என்பது வேறு கதை. கேம் என்று வந்தால் நிலைமை மாறும். 5600ஜிக்குள் இருக்கும் வேகா 7 என்ற படப் பகுதி, ஐ3யின் யுஎச்டி 730ஐ விட எவ்வளவோ மேல். வலோரன்ட், ஜிடிஏ 5 போன்றவற்றைக் கார்ட் இல்லாமலே விளையாடலாம். ஐ3யில் அவை அவ்வளவு சரளமாக ஓடாது.

ஆனால் அந்த வேகாவுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ராமில் இருந்துதான் எடுக்கும். அதனால் 16 ஜிபி ஒற்றைக் குச்சி போடுவதும் 8 ஜிபி இரண்டு போடுவதும் ஒன்றல்ல. இரண்டு குச்சி போட்டால் ராமுக்குப் பாதை இரட்டிப்பாகும், கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மலிவான ஏ520 போர்டுகளில் பெரும்பாலும் இரண்டு துளைதான் இருக்கும், "இப்ப ஒண்டைப் போடுவம், பிறகு மற்றதைப் பாப்பம்" என்பதற்கு 5600ஜி தோதான ஆள் இல்லை. ஐ3 அந்தப் "பிறகு பாப்பம்" கணக்கைத் தாங்கும்.

இனி போர்ட். எச்610 போர்டுகள் இரண்டு வகையாக வருகின்றன, சிலது டிடிஆர்4 ராமுக்கு, சிலது புதிய டிடிஆர்5 ராமுக்கு. வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ராமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாறி ஏறாது. பெயரின் கடைசியில் டி4 அல்லது டிடிஆர்4 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 2025 இறுதியில் ராம் விலை ஏறத் தொடங்கிய பிறகு, யாராவது வீட்டில் கிடக்கும் டிடிஆர்4 குச்சி நல்ல சொத்து. ரைசன் பக்கம் வில்லங்கம் வேறு விதம். 5600ஜி உட்காரும் ஏஎம்4 துளை 2016இல் வந்தது, 5600ஜி 2021இல் வந்தது, துளை ஒன்றுதான் என்றாலும் பழைய பயாஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் உள் மென்பொருள்) இருக்கும் போர்ட் இந்தப் புரொசெசரை அடையாளம் காணாது. பாவித்த பி450 போர்ட் (ஏஎம்4இன் பழைய வகை ஒன்று) மலிவாகக் கிடைக்கிறதென்றால் விற்பவரிடமே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லி, 5600ஜியைப் போட்டுப் படம் வருவதைக் காட்டச் சொல்லுங்கள். புதுப்பிக்க வேறு பழைய ரைசன் ஒன்று தேவைப்படலாம், புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு அதற்கு எங்கே போவது?

பின்னொரு நாள் கார்ட் போடும் எண்ணம் இருந்தால் என் கை ஐ3 பக்கம்தான் போகும். கார்ட் புரொசெசரோடு பேசும் பாதையான பிசிஐஇயில் 5600ஜி 3.0 உடன் நின்றுவிடுகிறது, ஐ3யும் எச்610உம் அதைவிட வேகமான 4.0 தரும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரியான மலிவுக் கார்டுகள் நாலே நாலு பாதையைத்தான் பாவிக்கும், அவற்றை 3.0இல் பூட்டினால் வேகம் குறையும். அது போக, கார்ட் வந்த பிறகு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகா சும்மா கிடக்கப் போகிறது.

மூன்றாவது வழி, பாவித்த அலுவலகப் பெட்டி. ரியூசன் நோட் அடிக்க, கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுக்க, சூம் வகுப்புப் பார்க்க இதுவே தாராளம், சொல்லப்போனால் இந்த வேலைகளுக்குப் புதிது பூட்டுவது வீண் செலவு என்பது என் கருத்து. ஒன்றே ஒன்று, இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு (ஐ5-8500 போல எண் 8இல் தொடங்குவது) கீழே இறங்காதீர்கள். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, வின்டோஸ் 11இன் பட்டியல் இன்டெல்லில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையில் இருந்துதான் தொடங்குகிறது. 6ஆம் தலைமுறை ஐ5-6500 பெட்டி மலிவாகத் தெரியும், ஏன் மலிவு என்று இப்போது விளங்கும். லினக்ஸ் போடத் தயார் என்றால் அது வேறு. இந்தப் பெட்டிகளின் உண்மையான பலவீனம் பவர் சப்ளை. பலவற்றில் போர்டுக்குப் போகும் வயர் எல்லாக் கடையிலும் கிடைக்கும் 24 பின் வகை அல்ல, அந்தக் கம்பனிக்கே உரியது. மல்லாவியில் ஒரு சனிக்கிழமை அது எரிந்தால் மாற்றுச் சாமான் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வரும் வரை கொம்பியூட்டர் வெறும் பெட்டிதான். பூட்டின மெசினில் என்றால் பக்கத்து வீட்டுப் பவர் சப்ளையைக் கழற்றிப் போட்டாவது பார்க்கலாம்.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. கேசோடு இலவசமாக வரும் "500 வாட்" ஒன்றையும் 80 பிளஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத தரம்) முத்திரை உள்ள 450 வாட் ஒன்றையும் இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள், இலவசம் பெரும்பாலும் காற்றுப் போல இருக்கும். கார்ட் இல்லாமல் மேலே சொன்ன இரண்டு புது மெசினும் முழு வேலையில் 150 வாட்டைத் தாண்டாது, ஆகவே பெரிய எண் தேவையில்லை, ஒழுங்கான 450 போதும், 650 விஏ யுபிஎஸ்ஸும் தாங்கும். சில மலிவு யுபிஎஸ்களும் சில பவர் சப்ளைகளும் ஒத்துப்போகாமல், கரண்ட் போன கணத்தில் மெசின் அப்படியே நின்றுவிடும். யுபிஎஸ் வாங்கும்போது "ஒத்துவராவிட்டால் மாத்தித் தருவீங்களோ அண்ணை?" என்று கேட்டுவைப்பது நல்லது.

அப்புறம் எர்த். கேசின் இரும்பில் புறங்கை பட்டதும் சுர்ரென்று இழுத்தால் சாமான் பழுது என்று கடையோடு சண்டைக்குப் போகாதீர்கள், முதலில் பிளக் பொயின்ட்டின் எர்த் வயரைப் பாருங்கள். எர்த் இல்லாத வீட்டில் நல்ல பவர் சப்ளை கூட அப்படி இழுக்கும், ஏனென்றால் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர்கள் கேசைத்தான் நிலம் என்று நம்பி இருக்கின்றன. அதே போல ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு பிளக்கை மட்டும் இல்லை, ரவுட்டரில் இருந்து வரும் வயரையும் கழற்ற வேண்டும்.

டிஸ்க்குக்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போதும். கேசுக்குச் சோளகக் காற்றுத் தூசியை மறிக்க முன்னுக்கு வலை இருந்தால் போதும், கலர் லைட் உங்கள் இஷ்டம்.

மொத்தத்தில் கார்ட் வாங்கவே போவதில்லை, கேம் வேண்டும் என்றால் 5600ஜியும் இரண்டு 8 ஜிபியும். மற்றவர்களுக்கு ஐ3-12100உம் டிடிஆர்4 எச்610உம். எழுத்து வேலை மட்டும் என்றால் 8ஆம் தலைமுறைப் பெட்டி, மிச்சக் காசுக்கு யுபிஎஸ்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பு யூனிட்டி பிளாசாவிலோ போர்ட் வாங்கினால் கடையை விட்டு இறங்க முன்பே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இன்டெல் போர்டில் பின்கள் போர்டிலேதான் இருக்கும், மூடியைத் தூக்கி, போன் டோர்ச்சைச் சரிவாகப் பிடித்தால் வளைந்த பின் தனியாக மின்னும், அந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த பின்னுக்கு வாரன்டி இல்லை என்று கைவிரிப்பார்கள். ஏஎம்4இல் பின்கள் புரொசெசரின் அடியில். பாவித்ததைக் கழற்றி வாங்கும்போது கூலரை நேரே மேலே இழுக்க விடாதீர்கள், இடையில் பூசிய வெப்பப் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் புரொசெசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் மெசினை ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிய பிறகு தூக்கச் சொல்லுங்கள்.